அந்த எதிரொலி பாறையுடையது அல்ல

செங்கல்பட்டில் மைக் செட் என்று கேட்டால் இன்றைக்கும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். வாடகை சைக்கிளில் ஒரு பேட்டரியையும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் கட்டிக்கொண்டு காதுகுத்துக்குப் போனவன், பிறகு சொந்த வேனில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நின்றே காலத்தைக் கழித்தவர்கள். நான் என் பெயரில் மாடி வீடு கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன், இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. புயலில் கடைக்கூரை பறந்த வாரத்திலேயே ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே நாளில் செட் போட்டேன். இருவரும் என்னுடைய ஒரே மைக்கில்தான் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். மாமல்லபுரத்தில் கிளை திறந்தேன். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாவற்றுக்கும் என் ஒலிபெருக்கிக் குழாய்தான்.

இதையெல்லாம் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. தற்பெருமைக்கென்றால் இன்னும் நிறைய இருக்கிறது. ஒரு குறுந்தகட்டின் காரணமாகச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு பாட்டுக் குழு இருந்தது. எழுபதுகளில் கல்லூரிப் பையன்கள் சிலரும் ஒரு பெண்ணும் சேர்ந்து, நடவுப் பாட்டையும் தெம்மாங்கையும் எலெக்ட்ரிக் கித்தாரோடு கலந்து பாடிப் பெயர் வாங்கினார்கள். பிறகு, பெரிய கலைஞர்கள் எல்லாரும் செய்வதைப்போல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிரிந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், குழு தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டதென்று யாரோ ஞாபகப்படுத்த, மறுபடி சேர்ந்து மாமல்லபுரம் கடற்கரையில் ஒரே ஒரு கச்சேரி செய்து அதைப் பதிவு பண்ணி விற்பதென்று முடிவெடுத்தார்கள். அதற்குள் தலைமுடி போயிருந்தது, கித்தார் மட்டும் புதுசு. நடவுப் பாட்டு எனக்கும் தெரியும். என் அம்மா சேற்றில் நின்று பாடினாள், இவர்கள் கம்பளத்தில் நின்று பாடினார்கள். மற்றபடி ஒன்றுதான்.

கற்கோயில் பக்கம் மேடை போட அனுமதி கிடைக்கவில்லை. ஊருக்கு வடக்கே தள்ளி ஒரு ஓட்டலின் மணல் பரப்பில் போட்டார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் மீனவர் குப்பம். குப்பத்து முனையில் தகரக் கூரையும் தகரச் சுவருமாக மீன் ஏலக் கொட்டகை. கண்ணுக்கெட்டிய தூரத்துக்குப் பாறை என்று ஒன்று கிடையாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டரும், பின்னால் உட்காருபவர்களுக்கான ஸ்பீக்கரும் என் பொறுப்பு. பதிவு செய்ய வெளிநாட்டில் படித்த இன்ஜினியர் ஒருவர் ஏ.சி. வேனோடு வந்திருந்தார். கழுத்தில் ஹெட்ஃபோன். அதைக் கழற்றி நான் பார்க்கவில்லை, சாப்பிடும்போதும்.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. குப்பத்துப் பக்கத்தில் எந்த விசேஷத்துக்கு மைக் செட் போட்டாலும், ஒரு கூம்புக் குழாயைக் குப்பத்தைப் பார்த்துக் கட்ட வேண்டும். வலை பின்னுகிறவர்கள், அடுப்படியில் இருக்கிறவர்கள், எழுந்து வர முடியாத கிழவர்கள் எல்லாருக்கும் அதுதான் அழைப்பு. கட்டாவிட்டால் உங்களை மதிக்கவில்லை என்று அர்த்தம். நான் காலையிலேயே நீளமாக ஒயர் இழுத்து, கொட்டகைக்கு எதிரே ஒரு சவுக்குக் கம்பத்தை நட்டு, உச்சியில் குழாயைக் கட்டிவிட்டேன்.

இன்ஜினியர் பார்த்தார்.

"அங்கிள், என்ன இது?"

"குழாய், தம்பி."

"இது ரெக்கார்டிங். திருவிழா இல்லை. அந்தத் தகர வாயை முதல்ல மூடுங்க. ஒரு சின்ன சத்தம் வந்தாலும் மொத்தமும் வேஸ்ட்."

"குப்பத்துல கோச்சுக்குவாங்க, தம்பி."

"அவங்களுக்கு சிடி அனுப்பறோம், அங்கிள்."

குப்பத்தில் அப்போது சிடி போடும் பெட்டி யாரிடமும் கிடையாது. ஆனாலும் படித்தவர் சொல்கிறார் என்று ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் கச்சேரி தொடங்கியது. கல்பாக்கத்திலிருந்து விஞ்ஞானிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து கார் காராகக் கூட்டம். முதல் பாட்டு முடிவதற்குள் குப்பத்து நாட்டார், அதாவது அவர்களின் ஊர்த் தலைவர், என் ஆம்ப்ளிஃபயர் மேசைக்கு வந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்த, எங்க பக்கம் கொழா ஊமையா கீது?"

"பதிவு பண்றாங்க நாட்டாரே. சத்தம் கூடாதாம்."

"எங்களுக்கு மட்டும் கூடாதா? பொம்பளைங்க சோத்த எறக்கி வச்சிட்டு காதத் தீட்டிகினு குந்திகினு கீறாங்க. ஊருக்குள்ள நான் இன்னான்னு மூஞ்சி காட்றது?"

"இன்ஜினியர் பேஜாரு பண்றாரு."

"அப்ப சரி. நாங்க எங்க அம்மன் கோயில் செட்டப் போட்டுக்குறோம். நீ எங்களுக்கு விக்கலையா, அதே செட்டு. சோக்கா கத்தும்."

அது எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாதா? நான் செய்து கொடுத்த செட். அதைப் போட்டால் பதிவில் கித்தாரும் இருக்காது, கால் நூற்றாண்டும் இருக்காது. இன்ஜினியர் வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். யாரைக் கேட்பது? பிடுங்கிய ஒயரை நானே மாட்டினேன். குமிழை மெல்லத் திருப்பி, கச்சேரி நடக்கும் மணலில் கேட்காத அளவுக்குக் குழாயைத் திறந்தேன்.

அடுத்தது, குழுவில் இருந்த ஒரே பெண்ணான அந்த அம்மாள் தனியாகப் பாட வேண்டிய நடவுப் பாட்டு. பக்கவாத்தியம் கிடையாது. முதல் அடியைப் பாடி நிறுத்தினார். அதே அடி தூரத்தில் இருந்து, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கரகரப்பாக, வேறொரு பெண் பாடுவதைப்போலத் திரும்பி வந்தது. குழாய் பாடியது கொட்டகைத் தகரத்தில் மோதி மணலுக்கு வந்திருக்கிறது. மூடிவிடலாமா என்று பார்த்தேன். அந்த அம்மாள் சிரித்தார். இரண்டாவது அடியைப் பாடி, வேண்டுமென்றே காத்திருந்தார். வந்தது. குழுத் தலைவர் மைக்கைப் பிடித்து, "பல்லவர் பாறை பதில் சொல்கிறது!" என்றார். கைத்தட்டல்.

மனிதர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை போலும்.

அதற்குப் பிறகு கச்சேரி முழுவதும் அந்தக் குமிழ் என் கையில். வேகமான பாட்டு வந்தால் இறக்கினேன், இல்லையென்றால் தாளம் இரண்டாகிக் குழம்பும். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் ஏற்றினேன். அடியின் கடைசியில் மட்டும் ஒரு துளி கூட்டினேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கித்தாரை வாசித்தவருக்கு எதிரே தாள் இருந்தது, எனக்கு எதிரே நாட்டார்தான் இருந்தார்.

"இப்ப கேக்குது அண்ணாத்த. அந்தம்மா எங்க வூட்டாண்ட வந்து பாடுற மாரி கீது" என்றார்.

முடிந்ததும் வேனிலிருந்து இன்ஜினியர் ஓடி வந்தார், கண்கள் கலங்க. "அங்கிள், கேட்டீங்களா? நேச்சுரல் எக்கோ! இதுக்கு மெஷினே கிடையாது!"

"மெஷின் கீது தம்பி, அதோ கம்பத்து மேல" என்றேன். அவர் அதற்குள் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

குறுந்தகடு வந்தது. அதனுள் இருந்த ஆங்கிலத் தாளைக் கல்பாக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். கச்சேரியைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியதைத்தான் உள்ளே அச்சடித்திருந்தார்கள். "கல்லுக்குள் உறைந்த காலத்தின் குரல்" என்றார் ஒருவர். "பாறையின் பெண்மை" என்றார் இன்னொருவர். மீன் ஏலக் கொட்டகைக்கு இவ்வளவு மரியாதை இதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. நன்றிப் பகுதியில் ஓட்டல் சமையல்காரர் இருந்தார், யார் வீட்டு நாயோ ஒன்று இருந்தது. நான் இல்லை.

சென்னைக்குப் போய் குழுத் தலைவரைப் பார்த்தேன். காப்பி கொடுத்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, நம்புறேன். ஆனா பாறைன்னு இருந்தாத்தான் அழகு. கொழாய்னு போட்டா யார் கேப்பாங்க, சொல்லுங்க."

"கேட்டுட்டுத்தான சார் அழுவுறாங்க" என்றேன்.

"பாறைன்னு நெனச்சு அழறாங்கண்ணே" என்று சொல்லி, இன்னொரு காப்பி சொன்னார்.

அதோடு விட்டிருப்பேன். எனக்கு வேறு வேலை இருந்தது. ஆனால் போன மாதம் அந்தக் குறுந்தகட்டை வெளியிட்ட நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அடுத்த ஆண்டுவிழாவுக்குப் புதுப் பதிப்பு கொண்டுவருகிறார்களாம்.

"சார், நீங்க அந்த ஏரியாதானே? அந்த எக்கோ வந்த பாறையைக் காட்ட முடியுமா? அட்டைக்கு போட்டோ எடுக்கணும்."

"வாம்மா. ஏலம் முடிஞ்சப்புறம் வா, நாத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நாளைக் குறித்துக்கொண்டாள்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். புதுப் பதிப்பின் அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. பாறையைப் போட்டோ எடுக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. மாமல்லபுரத்தில் பாறைக்கா பஞ்சம். ஆனால் என்னை நன்றிப் பகுதியில் நாய்க்குக் கீழே சேர்த்துச் சமாதானம் செய்ய வேண்டாம். நான் உதவி செய்தவன் அல்ல, வாசித்தவன். பாட்டு, கித்தார், பறை, புல்லாங்குழல் என்று வாசித்தவர்களின் பெயர் வரும் இடத்தில், கடைசி வரியாகவே இருக்கட்டும், "கூம்புக் குழாய்" என்று போட்டு, அதற்கு நேரே என் பெயரைப் போட வேண்டும். இனிஷியலோடு.