எந்தக் கண்ணாடி?

பளபளப்பான பக்கம்தான் கண்ணாடிக்கு முகம், சொரசொரப்பான பக்கம் முதுகு என்று நம்பிய மடையன் நான். படப்பெட்டி தூக்கும் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். என்னைவிடப் பெரிய முட்டாள் இனி இந்த வேலைக்கு வரப்போவதில்லை என்ற தைரியமாவது உண்டாகும்.

அது இலங்கை மலைகளில் தேயிலை வருமுன், கோப்பி என்று நாங்கள் சொல்லும் காப்பி விளைந்த காலம். கண்டியில் படம் பிடிக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரிடம் இருந்தேன். வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்துத் துரை, தாயில்லாத தன் சிறுமகளைச் சீமைக்கு அனுப்புகிறார். போகுமுன் ஒரு படம் வேண்டுமென்று ஆள் அனுப்பியிருந்தார். நாங்கள் போனபோதே அவளுக்கான குதிரை வண்டி பூட்டி நின்றது.

குறுக்கு வழி என்று கோப்பிக் களத்தில் இறங்கினேன். காயப்போட்ட கொட்டை காலடியில் உருண்டது. நான் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். உருவம் தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பதற்குப் பெட்டியின் பின்னால் இருக்கும் கண்ணாடி, சட்டத்தை விட்டுக் கழன்று கொட்டைமேல் கிடந்தது. உடையவில்லை. ஐயா ஓடி வருமுன் துடைத்து மாட்டிவிட்டேன். அழகான பக்கம் பிள்ளையைப் பார்க்கட்டுமே என்று பளபளப்பை உள்ளே வைத்தேன்.

“கண்ணாடி உடைஞ்சதோ?”

“இல்லீங்க ஐயா.”

ஐயா நம்பவில்லை. உருவத்தைப் பெட்டிக்குள் வாங்கும் முன்கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பிடித்துக் கீறல் தேடினார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். மறுபடி மாட்டி, அதன் வாயை மூடி, பின்சட்டத்தைத் திறந்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் பெட்டியின் நடுவிலுள்ள மடிப்புத் துருத்தித் தோலில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார்.

“எல்லாம் சரி. உன்ர மண்டைதான் பழுது.”

ஐயா பிள்ளையைக் கதிரையில் இருத்தி, பின்கண்ணாடியில் உருவம் பார்த்து, அதை விலக்கி அதே இடத்தில் படம் பதியும் பிளேட்டைச் செருகிப் படம் பிடித்தார். அந்த முதல் பிளேட்டை இருட்டுக் கூடாரத்தில் கழுவி எடுத்துவந்தபோது ஐயாவின் முகம் செத்திருந்தது. பிள்ளை நீராவி மாதிரி இருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்த கோப்பிச் செடியோ இலை இலையாகத் தெளிவு.

“பிள்ளை ஆடிச்சா?” துரை தோட்டத்தில் பழகிய தமிழில் கேட்டார்.

“கதிரைக் காலும் மங்கல் துரை. கதிரை ஆடுமோ?”

மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. “மழைக்கு முன்னாடி ஆத்தைத் தாண்டணும் துரை” என்றான் வண்டிக்காரன். துரை மகளின் தொப்பி நாடாவை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

“முன்கண்ணாடி உள்ளுக்கை நகர்ந்திட்டுது போல. இண்டைக்கு ஏலாது” என்று முணுமுணுத்த ஐயா, அதைச் சொல்லத் துரையிடம் நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“ஐயா, பின்னால ஒரு கண்ணாடி இருக்குங்களே...”

“ஓம்?”

“அது கழண்டு விழுந்துச்சுங்க. நான்தான் மாட்டினேன்.”

“உடைஞ்சதோ எண்டு கேட்டனே!”

“உடையலீங்களே. விழுந்துச்சான்னு நீங்க கேக்கலீங்க.”

ஐயா அதன் வெளிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். சரசரவென்றது.

“சொரசொரப்பிலைதானடா உருவம் விழும். அது உள்ளுக்கு இருக்கோணும், பிளேட் நிக்கிற இடத்திலை!”

கண்ணாடியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு பிசகு. அந்தப் பிசகில் ஒரு பிள்ளையின் முகம் போகவிருந்தது. ஐயா திருப்பி மாட்டினார். பனி களத்தைத் தொடுமுன் இரண்டாவது பிளேட். இந்த முறை இமை மயிர்கூடத் தெரிந்தது. ஈரம் காயாத படத்தைத் துரை நெடுநேரம் பார்த்தார். பிறகு மகளைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

முன்னால் இருப்பதும் கண்ணாடி, பின்னால் இருப்பதும் கண்ணாடி, பிளேட்டும் கண்ணாடி, ஐயாவின் மூக்கில் இருப்பதும் கண்ணாடி. பெட்டி விழுந்தால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், பெயர் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில், சமாதானமாகட்டும் என்று பேச்சுக் கொடுத்தேன்.

“இனிமே பெட்டி விழுந்தா எந்தக் கண்ணாடியை முதல்ல பாக்கணுங்க ஐயா?”

“நீ முகம் பாக்கிற கண்ணாடியை.”