பன்னிரண்டு எருதுகளின் மேல் நின்ற தண்ணீர்

சப்பாத்துக்கு மேல் மாட்டிய மெல்லிய வெள்ளை உறைகள் கம்பளத்தில் உரசும் அந்தச் 'சரசர' ஒலிதான், லொங்கேயில் உள்ள மோர்மன் கோயிலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கேட்கிறது; அதன் பிறகுதான் வெள்ளைச் சுவர்களும் ஒற்றைக் கூர்ங்கோபுரமும் அதன் நுனியில் எக்காளம் ஊதிக்கொண்டு நிற்கும் பொன்னிறத் தூதனும் நினைவுக்கு வருகின்றன.

அப்போது நாங்கள் பிரெஞ்சு பேசும் ஒரு குளிர்நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் குடியிருந்தோம். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். அம்மாவின் தங்கையான சித்தி அதே நகரில் கோட்-டெ-நெய்ஜில் தனியாக இருந்தார். ஒரு பனிக்காலத்தில், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டியும் அணிந்த இரண்டு இளைஞர்கள் அவருடைய கதவைத் தட்டினார்கள்; தங்கள் மார்க்கத்தில் தேத்தண்ணி ஆகாது என்ற அவர்களுக்கு வெந்நீர் கொடுத்து உட்காரவைத்த சித்தி, அடுத்த பனிக்குள் தானும் தேத்தண்ணியை விட்டு, மோர்மன் என்ற அந்தக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டார். "தேத்தண்ணி குடியாத யாழ்ப்பாணத்தாளை இப்பத்தான் காணுறன்" என்று அப்பா பகிடி விடுவார். "அத்தான், நீங்கள் என்ர பங்கையும் சேத்துக் குடியுங்கோவன்" என்பார் சித்தி.

திருத்த வேலைக்காக மூடியிருந்த அந்தக் கோயிலை மறுபடி அர்ப்பணிப்பதற்கு முன், சில நாட்கள் மட்டும் எவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றும், அதன்பின் சபையின் அனுமதி பெற்றவர்களைத் தவிர வேறு யாருக்கும் கதவு திறக்காது என்றும் சொல்லி, சித்தி எங்களை வற்புறுத்திக் கூப்பிட்டார். அம்மாவுக்கு அதில் தயக்கமே இருக்கவில்லை. மலைமேல் இருக்கும் கத்தோலிக்கக் கோயிலிலும் மெழுகுதிரி கொளுத்துகிறவர் அவர். "எந்தச் சாமியெண்டாலும் வெறுங்கையோட போகக்கூடாது" என்று முதல்நாளே மீன், இறைச்சி என்று 'மச்சம்' எல்லாம் விலக்கி, காலையில் தலைமுழுகி, தேங்காய், பழம், பூ, கற்பூரம் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு மெட்ரோ ஏறினார். அந்தப் பை எதற்கு என்று எனக்குத் தெரியும். வெள்ளிதோறும் அம்மா பிள்ளையார் கோயிலில் எங்கள் பெயர்களோடு தன் தம்பியின் பெயரையும் சொல்லி அர்ச்சனை செய்விப்பார். "குகநேசன், சதய நட்சத்திரம்." வன்னியில் போர் முடிந்த மாதத்தில், கடலை ஒட்டிய நீர்க்களப்பைக் கடந்த கூட்டத்தில் காணாமற்போனவர் என் மாமா; சித்திக்கு அண்ணன். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வார்கள். ஐயர் அந்தப் பெயரைச் சொல்லும்வரை மாமா எங்கோ இருக்கிறார் என்பது அம்மாவின் கணக்கு.

வாசலில் இருந்த வெள்ளைக்காரப் பெண் பையை எட்டிப் பார்த்து, தேங்காயைக் கண்டு புன்னகைத்து, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பிரெஞ்சில் சொல்லி மேசைக்குக் கீழே பத்திரமாக வைத்தார். சப்பாத்து உறையை நீட்டியபோது அம்மா சப்பாத்தையே கழற்றிவிட்டார். அந்தக் கூட்டத்தில் வெறுங்காலோடு நடந்தவர் அவர் ஒருவர்தான்.

வழிகாட்டியாக வந்த முதியவர் தங்கள் சபையின் பழங்கதையைச் சொல்ல, சித்தி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். தங்கள் தலைவரைக் கும்பல் கொன்றதையும், கையால் கட்டிய கோயிலை விட்டுவிட்டு உறைந்த ஆற்றின் மேல் வண்டிகளோடு போனதையும், அந்தக் கோயில் பிறகு எரிந்துபோனதையும், பாலைநிலத்தில் மலையிலிருந்து கருங்கல் வெட்டி நாற்பது வருடம் இன்னொன்று கட்டியதையும் கேட்டுக்கொண்டு வந்த அப்பா, முதல்முறையாகப் பகிடி விடாமல், "இவையும் எங்களைப்போல இடம்பெயர்ந்த சனம்தான்" என்றார்.

இன்று கட்டடக்கலை படிக்கும்போதுதான், அந்தச் சிறிய கட்டடம் எவ்வளவு கவனமாக மனிதரை நடத்திச் செல்கிறது என்பது எனக்கு விளங்குகிறது; ஒளியை உள்ளே விட்டாலும் பார்வையை வெளியே விடாத சன்னல் கண்ணாடிகள், எங்கும் சிலுவையில்லாத சுவர்கள், அறைக்கு அறை கூடிக்கொண்டே போகும் வெளிச்சம். திருமணங்கள் நடக்கும் அறையில் எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடிகள் இருந்தன. குடும்பம் முடிவில்லாமல் தொடரும் என்பதற்கு அடையாளமாம். அதற்குள் நாங்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுத்துக்கொண்டே போனோம். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத்தினை பேரில அவனைக் காணேல்லை" என்றார்.

ஞானஸ்நானத் தொட்டி பன்னிரண்டு எருதுகளின் முதுகில் இருந்தது. "எங்கட ஆளுக்கு ஒரு நந்தி. இவையளுக்குப் பன்ரண்டு!" என்றார் அப்பா. "சும்மா இருங்கோ அத்தான்" என்று அதட்டினார் சித்தி. அந்தத் தொட்டி இறந்தவர்களுக்கானது. உயிரோடிருக்கும் ஒருவர் இறந்தவரின் பெயரில் முங்கி எழுவார்; அந்த ஞானஸ்நானம் இறந்தவரைச் சேருமாம். புதைகுழியை நினைவூட்டவே பழைய கோயில்களில் அதை நிலத்துக்குக் கீழே வைத்தார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, சித்தி அம்மாவின் கையைப் பிடித்தார்.

"அக்கா, அண்ணைக்குச் செய்விப்பம். நீ ஓமெண்டால் காணும்."

அம்மா கையை உதறினார். "செத்தவைக்குச் செய்யிறதெண்டு இப்பத்தானே சொன்னனி?"

"இத்தினை வருசமாச்சு அக்கா..."

"அவன்ர பேரில அர்ச்சனை செய்விக்கத்தான் நான் தேங்காயோட வந்தனான். நீ அவனுக்குக் கிடங்கு வெட்டிப்போட்டுக் கூப்பிட்டனியோ?"

சித்தி அழுதார். "நீ சொல்லாமல் செய்யமாட்டன்" என்று மட்டும் சொன்னார். அம்மா வெறுங்காலோடு வெளியே போனார். அவருடைய சப்பாத்தையும் தேங்காய்ப் பையையும் நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பல வருடங்கள் இருவரும் கலியாணம், செத்தவீடு என்று நன்மை தின்மைகளில் மட்டும் கதைத்துக்கொண்டார்கள்.

சென்ற வருடம் டொரோண்டோவிலிருந்து ஒருவர் வந்தார். களப்பில் மாமாவுக்குப் பின்னால் நடந்தவராம். அம்மாவோடு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து கதைத்துவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று அம்மா எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி, ஐயர் பழக்கத்தில் "குகநேசன்" என்று தொடங்க, "அது வேண்டாம் ஐயா" என்றார் அம்மா. வீட்டுக்கு வந்து சித்திக்குப் போன் எடுத்தார்.

"நீ அண்டைக்குக் கேட்டதைச் செய்."

சில வாரங்கள் கழித்துச் சித்தி வந்தார். கொங்கோவிலிருந்து வந்த ஒரு பெடியன் அண்ணைக்காக முங்கினவன், பெயரைத் திருத்தமாகச் சொன்னவை என்றார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தண்ணி குளிரோ?"

"இல்லையக்கா. இளஞ்சூடு."

அம்மா தலையாட்டினார். சித்திக்கு வெந்நீர் வைக்க எழும்பிப் போனார்.

போன மாதம் லொங்கேய்க்குப் போய் அந்தக் கோயிலை வெளியே நின்று பார்த்தேன். சன்னல்கள் வெளிச்சமாக இருந்தன; உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையார் கோயிலில் இப்போதும் வெள்ளிதோறும் அர்ச்சனை நடக்கிறது. அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், என் பெயர் என்று சொல்லி முடித்ததும், ஐயர் பழைய பழக்கத்தில் ஒரு கணம் நிறுத்தி அம்மாவைப் பார்க்கிறார். அம்மா தட்டைப் பார்க்கிறார். பிறகு மணி அடிக்கிறது.