தை மாசத்துக்குள்ள

சுனாமி வந்து போன அடுத்த ஐப்பசியில் எனக்கு வயிற்று வலி. ஸ்கேன் எடுத்ததில் இடது கிட்னியில் ஏதோ இருப்பது தெரிந்தது. என்னிடம் கல்லு என்றார்கள். சிதம்பரத்தில் ஆபரேஷன் ஆயிற்று. செம்மண்டலத்தில் ஆறு மாடு வைத்துக் கறந்தவள் நான். கத்திக்கெல்லாம் பயப்படவில்லை.

பக்கத்துக் கட்டிலில் லால்பேட்டை அம்மா ஒருத்தி. அவளுக்கு நிஜமாகவே கல்லு. எடுத்த கல்லைக் குட்டி பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் குலுக்கிக் காட்டுவாள். "உன்னோடது எங்கம்மா?" என்று கேட்டாள். நான் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"குப்பையில போட்டுட்டாங்களாம்," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா?

வீடு திரும்பினால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வாழைத்தண்டோடு வந்தார்கள். கல்லைக் கரைக்குமாம். அரைத்து அரைத்துக் குடித்தேன்.

கார்த்திகையில் பெரிய நாத்தனார் வந்தார். நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்: "தையில முடிச்சிடலாம்டா தம்பி. கேன்சர்னா சும்மாவா? அவ உசுரோட இருக்கும்போதே நடக்கட்டும். அப்பறம் ஒரு வருஷம் நல்ல காரியம் எதையும் தொட முடியாது."

முடிக்கப் பார்த்தது என் கடைசிப் பெண்ணின் கல்யாணத்தை. மாப்பிள்ளை நாத்தனார் மகன்தான், குறை சொல்ல முடியாத பையன். ஆனால் அவள் அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருஷம் படிக்கிறாள். பரீட்சை சித்திரையில். தாலி ஏறிய பிறகு பரீட்சைக்கு அனுப்புகிற வீடு இல்லை அது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். நான் பஸ் போர்டையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்.

இரண்டு நாள் அதே யோசனை. நான் சாகப் போகிறேனா, அது முதலில் தெரிய வேண்டும். மூன்றாம் நாள் அவர் வெளியே போனதும் ஆஸ்பத்திரி பைலை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். நேராக ஹாஸ்டலுக்குப் போனேன். பைலைப் பார்த்ததுமே பெண் அழுதுவிட்டாள்.

"கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டியா?"

"நீ பாத்துடணும்னு அப்பா சொன்னாரும்மா."

"நான் பாக்கறதுக்கு நீ என்ன தேரா? நட, டாக்டர்கிட்ட போவோம்."

அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் கேட்டுவிட்டேன்: "தை மாசத்துக்குள்ள நான் செத்துடுவனா, சார்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாத்தையும் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனேம்மா."

"எனக்குச் சொல்லுங்க."

"கேன்சர் கட்டிதான். ஆனா நெல்லிக்கா அளவுதான் இருந்திச்சி, கிட்னிய விட்டு வெளிய பரவல. அந்தக் கிட்னியவே எடுத்துட்டோம்." ஒரு கிட்னி போனதே எனக்கு அப்போதுதான் தெரியும். "இவ்வளவு சின்னதுல எடுத்துட்டா ரொம்பப் பேருக்குத் திரும்ப வராது."

"எனக்கு?"

"சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பாத்துக்கிட்டே இருக்கணும்."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். "கேன்சர்னு சொன்னதுமே எனக்குக் காது அடைச்சிப் போச்சி. அப்பறம் அந்த ஆளு பேசினது ஒண்ணும் ஏறல."

"கல்யாணம் பரீட்சைக்கு அப்பறம்."

"வராதுன்னு உறுதியா சொன்னாரா?"

"சொல்லல."

"அப்பறம் எப்பிடிடி?"

"நீங்க தை வரைக்கும் இருப்பீங்கன்னு எனக்கு உறுதியா சொல்லுங்க, பாக்கலாம்."

மறுநாள் அவரே அக்காவுக்குப் போன் போட்டார். அந்தம்மா என்னோடு பொங்கலுக்குக்கூடப் பேசவில்லை.

தை போயிற்று. உடம்பில் எங்கே வலித்தாலும், படிப்பு படிப்பு என்று மகள் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று சித்திரைக்கு நாள் எண்ணுவேன். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. சித்திரையில் முதல் ஸ்கேன். அன்றைக்குத்தான் அவளுக்கும் முதல் பரீட்சை. சொன்னால் எழுத மாட்டாள் என்று மறைத்துவிட்டுப் போனேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். விடச் சொன்ன பிறகும் விட வரவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா, எழுந்திருங்க," என்றார் டாக்டர். "ஐப்பசியில வாங்க."