மூடி மட்டும் விற்றவள்

என் தங்கை ஆபீஸ் வேலையை உதறிவிட்டு ஆன்லைனில் பிளாஸ்க் கடை போட்டாள். கடை என்றால் வேறெங்கும் இல்லை, என் வீட்டுப் பின்னறைதான். கூரை முட்ட அட்டைப்பெட்டிகள், உட்கார ஒரு ஸ்டூல், மேசைமேல் லேப்டாப். அந்த அறையில் மூன்று மாதம் ஈ ஓட்டினாள். அவள் விற்ற அதே பிளாஸ்க்கைப் பெரிய கம்பெனிகள் குறைந்த விலைக்கு மறுநாளே வாசலில் கொண்டுவந்து கொடுத்தன. இவளிடம் எவன் வாங்குவான்?

பழைய வேலைக்கே போ என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவளுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது, ஆனால் ஒத்துக்கொண்டால்தானே! பழைய மேனேஜர் நல்ல மனுஷர். ஒன்றாம் தேதிக்குள் வந்தால் அதே வேலை, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ஒரு அம்மா எழுதிக் கேட்டார்: "நீங்க விக்கிற அதே பிளாஸ்க்தான் எங்கிட்டயும் இருக்கு. மூடிதான் தொலைஞ்சு போச்சு. மூடி மட்டும் குடுப்பீங்களா?"

இவள் ஒரு புது பிளாஸ்க்கைப் பிரித்து மூடியை அனுப்பிவைத்தாள். மேசையில் மொட்டையாக நின்ற பிளாஸ்க்கைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"அண்ணா, நம்ம வீட்டு அலமாரியில மூடி இல்லாம எத்தனை கெடக்குன்னு போய்ப் பாரு."

பார்த்தேன். நான்கு இருந்தன. அவளிடம் சொல்லவில்லை.

பல வகை மூடி செய்யும் பட்டறை ஒன்றைத் தேடிப்பிடித்தாள். 'மூடி மட்டும் கிடைக்கும்' என்று கடையின் முகப்பில் போட்டாள். பத்துப் பேர் தங்கள் பிளாஸ்க்கின் அளவை எழுதி அனுப்பினார்கள். பத்து மூடி போனது, ஏழு திரும்பி வந்தது. எல்லாரும் வாயின் அகலத்தைத்தான் அளந்திருந்தார்கள். அகலம் சரியாக இருந்தும் திருகுகிற மரை ஒத்துவரவில்லை. திரும்பி வந்த மூடிகளை வைத்துக்கொண்டு அவள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. மாடிக்குப் போய் மேனேஜருக்குப் போன் போட்டு, "ஒண்ணாம் தேதி கண்டிப்பா வந்துடுவா சார்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. பிளாஸ்க்கின் கழுத்தைச் சுற்றிக் காகிதம் வைத்து, பென்சிலால் தேய்த்து, அதைத் தபாலில் அனுப்பச் சொன்னாள். மரை அப்படியே காகிதத்தில் கோடுகோடாகப் பதிந்து வந்தது. காகிதத்தையும் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அனுப்பினாள். அதன்பின் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நான் போன் பண்ணியதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றாம் தேதி காலையில் மேனேஜரே கூப்பிட்டார். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, இன்னும் காணோமே? நீ வர்றதா உங்க அண்ணன் உறுதியா சொன்னாரே?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணனா சொன்னாரு? அப்ப அவரையே அந்த நாற்காலில உக்கார வச்சுக்கோங்க சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, "நம்பிக்கை இல்லைன்னாலும் போன் பண்ணினதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பதினேழு மூடி போனது. பெட்டி ஒட்ட என்னைத்தான் எப்போதும் கூப்பிடுவாள். அறை வாசலிலேயே நின்றிருந்தேன். பதினேழையும் அவளே ஒட்டினாள்.