மூன்று ஞாயிறு வாசித்த பெயர்

கத்தரீனா என்ற பெயரைக் கிறேஸ் முதன்முதல் கேட்டது ஐம்பத்தாறாம் ஆண்டு, ஊர்காவற்றுறைக் கோயிலில் கலியாண ஓலை வாசித்தபோது. நாரந்தனைச் சூசைப்பிள்ளையின் மகள் கத்தரீனாவுக்கும் சில்வெஸ்ரருக்கும் கலியாணம். தடை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று மூன்று ஞாயிறும் பங்குச் சுவாமி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏழு வருஷம் கழித்துச் சில்வெஸ்ரரின் தம்பிக்கே கிறேஸ் வாழ்க்கைப்பட்டு அதே வளவுக்குள் வந்து சேர்ந்தாள்.

சில்வெஸ்ரர் நெருப்புக்காய்ச்சலில் போன பிறகு கத்தரீனாவுக்கு மிஞ்சியது மகன் மனுவேல் ஒருவன்தான். படிப்பு ஏறவில்லை, தெற்கே சிங்கள ஊரில் ஒரு கடையில் வேலைக்குப் போனான். எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில் அங்கே தமிழரை அடித்தார்கள். கப்பலேறித் தப்பி வந்தவர்களில் அந்தக் கடை முதலாளியும் இருந்தார்.

"பின்பக்கத்தாலை ஓடினவன். பிறகு நான் காணேல்லை," என்றார். அதற்கு மேல் எவருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து பூசையில் மன்றாட்டு நேரம் வந்தால், "பயணம் போன என்ர பிள்ளைக்காக" என்று கத்தரீனா உரத்துச் சொல்வாள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் சொல்லும். போகப் போக அந்தச் சத்தம் மெலிந்தது.

"இவன் என்ன, உலகத்தைச் சுத்தியே வாறான்?" என்று பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி குசுகுசுத்தது கிறேஸின் காதில் விழுந்தது.

கிறேஸுக்கு வேறு பயம். செத்திருந்தால் அவன் ஆத்துமம் ஒரு பூசையும் இல்லாமல், பாவம் தீருமட்டும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகுமே. எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆத்துமாக்கள் திருநாளுக்கு மரித்தோர் பெயர் கேட்டபோது, மாமன் மாமி பெயருக்குக் கீழே மனுவேலையும் எழுதிக் கொடுத்தாள்.

தீங்கு செய்தவர்களை மன்னிக்க வேண்டும் என்று சுவாமி அன்று பிரசங்கம் வைத்தார். பிறகு பெயர்களை வாசித்தார். "சில்வெஸ்ரர் மனுவேல்" என்றதும் கத்தரீனா எழும்பினாள்.

"சுவாமி, அந்தப் பேரை வெட்டுங்கோ."

"இரும் கத்தரீனா. பூசை முடியட்டும்."

"இருக்க ஏலாது. நான் கட்டேக்கை மூண்டு ஞாயிறு வாசிச்சு, தடை இருக்கோ எண்டு இந்தக் கோயில் ஊரைக் கேட்டது. என்ர பிள்ளை செத்தவன் எண்டு வாசிக்க ஒருக்காத்தன்னும் என்னைக் கேட்டனியளோ? செத்தவன் எண்டால் கொலை செய்தவன் ஆர்? அவன்ர பேரையும் வாசியுங்கோ. பிறகு மன்னிக்கிறன்."

சுவாமி கடதாசியில் விரலை ஒரு வரி கீழே இறக்கினார். பிறகு அடுத்த பெயரை வாசித்தார். சனம் செபத்தைத் தொடர்ந்தது. கிறேஸின் வாயும் சேர்ந்து சொன்னது.

கோயில் வாசலில் கிறேஸ் அவள் கையைப் பிடித்தாள். "நான்தான் குடுத்தனான் அக்கா. அவன் அங்கை வேகக்கூடாதெண்டு..."

"ஓமடி. நாளைக்கு அவன் வந்து படலையிலை நிண்டால் என்ன சொல்லுவாய்? நீ செத்திட்டாய், திரும்பிப் போ எண்டோ?"

அந்தக் கிழமையே கத்தரீனா வளவை விட்டுப் போனாள். பெயரை எடுத்துவிடும்படி கிறேஸ் கோயில் மூப்பரிடம் கேட்டுப் பார்த்தாள். மரித்தோர் புத்தகத்தில் ஏறிய பெயரை இறக்கிய வழக்கம் இல்லை என்றார் அவர். வருஷா வருஷம் வாசிக்கிறார்கள்.

கத்தரீனா இப்போது நாரந்தனையில் தமையன் வீட்டில் இருக்கிறாள். பூசைக்குப் போவதில்லை.