கருவுக்குள் போயிருந்த பச்சை

கிளிநொச்சியில் எங்கள் ஆய்வுகூடம் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. அதற்குள் ஒரு சின்ன அறை. யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து இருட்டாக்கி, நுணுக்குக்காட்டியை அங்கேதான் வைத்திருந்தோம். ஸ்கந்தபுரத்திலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து அந்த இருட்டில் பாதிப் பகலைக் கழித்துவிட்டு வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும்.

எலிக்காய்ச்சல் பற்றிய ஆய்வு அது. ஒரே வயலில் ஒரே தண்ணீரில் நின்ற இரண்டு பேருக்குக் காய்ச்சல் வருகிறது. ஒருவர் எழும்பி நடக்கிறார். மற்றவருக்குச் சிறுநீரகம் நின்றுபோகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று அவர்களுடைய வெண்குருதிக் கலங்களில் தேடிக்கொண்டிருந்தோம். நான் அங்கே உதவி ஆய்வாளர்.

கிருமி வந்துவிட்டது என்று கலத்துக்குள் செய்தி கொண்டுபோகிற புரதம் ஒன்று இருக்கிறது. சும்மா இருக்கிற கலத்தில் அது நடுவிலுள்ள கருவுக்கு வெளியே நிற்கும். ஆபத்து என்று தெரிந்ததும் கருவுக்குள் போய்விடும். வெறும் கண்ணுக்கோ சாதாரண நுணுக்குக்காட்டிக்கோ இது தெரியாது. அதனால் அந்தப் புரதத்தை மட்டும் போய்ப் பிடிக்கிற பிறபொருளெதிரி ஒன்றைக் கலங்களின்மேல் விடுவோம். பிறகு, அதைப் பிடிக்கிற இன்னொன்று; அதில் பச்சையாய் ஒளிர்கிற சாயம் ஒட்டியிருக்கும். கருவுக்கு நீலச் சாயம். நலமான ஒருவரின் கலத்தில் நடுவில் நீலம், சுற்றிவரப் பச்சை வளையம். கிருமியின் மேற்கோதைத் தூளாக்கிக் கொடுத்தால் பச்சை உள்ளே போய் நீலத்தோடு கலந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர்களின் இரத்தமும் வேண்டியிருந்தது. அதுவும் எங்கள் பக்கத்து வயற்காரராக இருக்க வேண்டும். ஊசி என்றதும் ஆட்கள் நழுவினார்கள். வீட்டில் சலித்துக்கொண்டபோது அக்காதான் கையை நீட்டினாள்.

“என்னட்டை எடன்டி. எனக்கென்ன வருத்தம்?”

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் தாய் தகப்பன் போரில் போன பிறகு வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் கலியாணம் செய்தபோது என்னையும் கூடவே வைத்துக்கொண்டாள். அத்தானோடு சேர்ந்து வயல் செய்தாள். முதுகில், வலது தோளுக்குக் கீழே, போரில் வெடித்த எறிகணையின் இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. பீஸ் என்றுதான் சொல்வோம். எடுக்கப்போனால் நரம்பு பழுதாகும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள்.

ஆய்வுகூடத்தில் கதிரையில் இருந்தபடி சட்டைக்கையை மடித்தவள் திடீரென்று கேட்டாள்.

“எடியே, பீஸ் இருக்கிற ஆள் நலமான ஆளோ? அதுவும் கணக்கில வருமோ?”

அங்கே நின்ற எல்லோருமே சிரித்தோம். எங்கள் ஊரில் பீஸ் இருப்பவர்களை விலக்கினால் இரத்தம் எடுக்க ஆள் தேடித் திரிய வேண்டியதுதான்.

அவளுடைய கலங்களில் பாதிக்குக் கிருமித் தூள் கொடுத்தேன்; மற்றப் பாதியை ஒன்றும் கொடுக்காமல் சும்மா விட்டேன். மறுநாள் நுணுக்குக்காட்டியில் முதலில் பார்த்தது அந்தச் சும்மா விட்ட கலங்கள் ஒட்டிய கண்ணாடித் தட்டைத்தான். வளையம் இல்லை. எந்தக் கலத்தைப் பார்த்தாலும் பச்சை கருவுக்குள் போயிருந்தது. கிருமித் தூள் கொடுத்த கண்ணாடியை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி. சரிபார்ப்பதற்காக முதற் பிறபொருளெதிரி விடாமல் வைத்த கண்ணாடி இருக்க வேண்டிய மாதிரியே இருட்டாக இருந்தது. அன்றைக்கே செய்த இன்னொருவரின் கலங்களில் வளையம் அச்சொட்டாகத் தெரிந்தது. பிழை என் கையில் இல்லை.

எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் வந்து குனிந்து பார்த்தா. இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றி வைத்தா.

“திரும்ப ஒருக்கா இரத்தம் எடுத்துச் செய்யும். அதிலயும் இப்பிடித்தான் எண்டால் ஆளை டொக்டரிட்டை அனுப்ப வேணும்.”

“மேடம், இது என்ர அக்கா.”

அவா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. “உடம்பு எதோடயோ சண்டை பிடிக்குது. என்னத்தோட எண்டு இது சொல்லாது. நீர் வருத்தத்தின்ர பெயர் ஒண்டையும் ஊகிச்சுச் சொல்லிப் போடாதையும். ஆனால் கூட்டிக்கொண்டு போம்.”

இரண்டாவது முறையும் அப்படியே இருந்தது. அன்று பின்னேரம் அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தியிருந்து கேட்டேன்.

“உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வாறதோ?”

“இடைக்கிடை மேல் சுடும். விடியப் பாத்தால் சட்டை நனைஞ்சிருக்கும். பீஸ்தானே, மாரி காலத்தில அது அப்பிடித்தான்.”

“இப்ப மாரியே அக்கா?”

கத்தி நின்றது. பங்குனி வெயில் வாசலில் எரிந்துகொண்டிருந்தது.

“சட்டையெல்லாம் தொளதொளக்குது,” என்றாள் மெதுவாக. “வயல் வேலை எண்டு நினைச்சன்.”

நானும் அத்தானும் அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். வைத்தியர் கழுத்தைத் தடவி, ஒரு கட்டியில் விரலை நிறுத்தினார். இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமத்தி, அவளை மூச்செடுக்கச் சொன்னார். பிறகு எங்களை வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. என்கிற காந்தப் படம் எடுக்க ஏற்பாடாகி, உடுப்பு மாற்றப் போகும்போது தாதி கேட்டா.

“உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?”

அக்கா தோளைத் திருப்பிக் காட்டினாள். காந்தத்துக்குள் போனால் துண்டு அசைந்துவிடும், படம் எடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் நடைபாதை வாங்கில் வந்து இருந்துகொண்டு, “சனியன், இதுக்கும் விடுகுதில்லை,” என்று அழுதாள். அந்தத் துண்டுக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வேறு படம் எடுத்தார்கள். கழுத்துக் கட்டியில் துணுக்கு வெட்டி அனுப்பினார்கள். நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்தது. ஈரலுக்கும் எலும்புக்கும் பரவியிருந்தது.

சிகிச்சை யாழ்ப்பாணத்தில். மருந்து ஏற்றுகிற நாட்களில் அத்தான் கூட நிற்பார். நான் வேலை முடிந்து போவேன். வாய் முழுக்கப் புண். கஞ்சியும் இறங்காது. அதற்குள்ளும் அவளுக்கு வயல்தான். வெட்டு மெசின் வந்ததோ, கடைசித் தண்ணி விட்டதோ என்று கேட்பாள். ஒருநாள் மட்டும் என் வேலையைப் பற்றிக் கேட்டாள்.

“என்ர கலம் வடிவாய் இருந்ததோ?”

“ஓமக்கா. நல்ல பச்சை.”

“பாவங்கள்,” என்றாள். “தனியச் சண்டை பிடிச்சிருக்குதுகள். எனக்கு ஒண்டும் தெரியேல்லை.”

நாலாவது முறை மருந்து ஏற்றிய பிறகு நெஞ்சில் சளி பிடித்தது. அதிலிருந்து அவள் எழும்பவில்லை. கொஞ்சம் முந்திக் கண்டுபிடித்தபடியால் ஒரு போகம் கூடுதலாக உயிரோடு இருந்தாள் என்று வைத்தியர் அத்தானிடம் சொன்னார். அத்தான் அதைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது போதவில்லை.

ஆய்வின் முடிவுகளை ஒழுங்குபடுத்தியபோது அக்காவின் மாதிரியை நீக்க வேண்டி வந்தது. அவள் நலமானவளும் இல்லை, எலிக்காய்ச்சல்காரியும் இல்லை. எந்தப் பக்கத்திலும் சேராள். மேடம் தானே செய்வதாகச் சொன்னா. நான் விடவில்லை. நீக்குவதற்கு முதல் கண்ணாடியை ஒருமுறை வைத்துப் பார்த்தேன். அந்தச் சாயம் வெளிச்சம் படப்பட மங்கும். பார்த்துக்கொண்டிருக்கவே பச்சை வெளிறிப் போனது. விளக்கை அணைத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு ஊர்ப் பெண்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். அக்காவின் வருத்தத்தை நான் மெசினில் பார்த்துப் பிடித்தேன் என்று கதை பரவியிருந்தது. முதலில் வந்தது நாலு வீடு தள்ளியிருக்கிற அன்ரி. காலிலும் இடுப்பிலும் பீஸ்.

“பிள்ளை, என்ர ரத்தத்தையும் ஒருக்காப் பாரன்.”

“அன்ரி, அது வருத்தம் பாக்கிற மெசின் இல்லை. அக்கான்ர வருத்தம் தற்செயலாய்த் தெரிஞ்சது.”

“எனக்கும் தற்செயலாய்ப் பாரன்.”

தேத்தண்ணி கொடுத்து இருத்தி, மேல் சுடுகிறதா, வேர்க்கிறதா, எவ்வளவு காலமாகக் களைப்பு என்று விசாரித்தேன்.

“எவ்வளவு காலமோ? சண்டைக்குப் பிறகு முகாமில இருந்து வந்த நாளில இருந்து களைப்புத்தான்.”

அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். யாருக்குச் சாதாரணக் களைப்பு, யாருக்கு இல்லை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அதனால் வந்தவர்கள் எல்லோரையும், என் லீவு நாள் பார்த்து, வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்குப் பஸ்ஸில் எங்களுக்கே பாதி இருக்கை பிடித்தது. அன்ரி வழி முழுக்க என் கையைப் பிடித்தபடி வந்தா.