நார்மன் துரையும் என் வாடகை வீடும்

ஆம்பூரில் "கறி எடுத்தாச்சா?" என்றால் போதும், ஆட்டுக்கறி என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். பெங்களூர் வந்த முதல் ஞாயிறு, சிவாஜிநகர்க் கறிக்கடையிலும் வெறுமனே "கறி" என்றுதான் கேட்டேன். "மட்டனா சார்? அப்டி சொல்லுங்கோ" என்று திருத்தினார் கடைக்கார பாய். நான் ஆங்கில வாத்தியார்! எனக்கே பாடம்.

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பெரிய அகராதியில் 'மட்டன்' பக்கத்தைப் புரட்டினேன். ஆட்டை மேய்த்த ஆங்கிலேயன் அதை 'ஷீப்' என்றானாம். பிரான்சிலிருந்து வந்து அவன் நாட்டைப் பிடித்த நார்மன் துரை, தட்டில் வந்து விழுந்ததை 'மொத்தோன்' என்றானாம். அதற்கு முன் லத்தீனில் 'முல்தோ'. அதுவும் கெல்ட்டியர் என்ற பழங்குடிகளிடம் வாங்கியதாக இருக்கலாமாம். எத்தனை ஊர் மாறி வந்திருக்கிறது மகராசன்! எங்கேயும் அதை நிறுத்தி, "சொந்த ஊர் எது, நீங்க என்ன ஆளுங்க?" என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என்னைக் கேட்டார்கள், வாடகைக்கு வீடு தேடிய தெருவிலெல்லாம். மனைவி கைக்குழந்தையோடு தாய்வீட்டில், நான் லாட்ஜ் அறையில். போன முறை ஊருக்குப் போனபோது மகள் என்னைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவன் வந்ததுபோல் அலறினாள். வீடு கிடைத்தே ஆகவேண்டும்.

மல்லேஸ்வரத்தில் ஒரு பெரியவர் வீடு காலி என்றார்கள். முப்பாட்டன் காலத்தில் தஞ்சாவூரிலிருந்து வந்து மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் ஊறிய குடும்பம். வண்டி கட்டி வந்ததால் அவர்கள் உள்ளூர்க்காரர்கள். ரயிலேறி வந்த நான் வந்தேறி.

"மட்டன் கிட்டன் உண்டோ ஸார்?" என்றார்.

இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வாத்தியார் புத்தி விடுமா! நார்மன் துரையில் தொடங்கிக் கெல்ட்டியர் வரை கொட்டித் தீர்த்தேன். பெரியவருக்கு ஆங்கிலம் என்றால் உயிர். கச்சேரி கேட்பதுபோல் தொடையில் தாளம் போட்டார்.

"பேஷ்! பஹள சென்னாகிதெ, ரொம்ப நன்னாயிருக்கு! என் பேரனுக்கும் சொல்லிக் குடுங்கோ" என்று சாவியை நீட்டினார். நான் வாங்கிக்கொண்ட பிறகு சொன்னார்: "வார்த்தை எத்தனை வேணும்னாலும் உள்ளே வரட்டும் ஸார். வஸ்து மட்டும் கேட்டைத் தாண்டப்படாது."

மனைவி வந்துவிட்டாள். மகள் இப்போது என் தோளில்தான் தூங்குகிறாள். ஆம்பூருக்குப் போனால் மாமியார், "பெங்களூர்க்காரங்க வந்துட்டாங்க, எலய போடு" என்று கறிச்சோறு பரிமாறுகிறார். பெங்களூரில் ஞாயிறுதோறும் கறிச்சோறு போடும் சிவாஜிநகர் மிலிட்டரி ஹோட்டலில் ஒதுங்குகிறோம். திரும்பி வந்து, தெருமுனையில் நிற்கிறோம். வீட்டுக் கதவு எதிரே தெரிகிறது. மனைவி என் விரல்களை மோந்து பார்க்கிறாள்.

"இன்னும் வாசன போவலைங்க. இன்னொரு சுத்து சுத்திட்டு வந்துருவோம்."

குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி நடக்கிறோம்.